அதிகம் பேசிய இருவர்

மேலாண்மை படித்தவர்களுக்கு ஹாத்தோர்ன் கதை தெரிந்திருக்கும். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை அது. 1927இல் ஐந்து இளம்பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ரிலே என்ற சிறு மின்கருவியைப் பூட்ட வைத்தார்கள். பாகங்களை எடுத்துக்கொடுக்க இன்னொரு பெண். இடைவேளையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வேலை நேரத்தை மாற்றினார்கள். உற்பத்தி பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருந்தது. தொழிலாளிக்குக் கூலி மட்டும் போதாது, கவனிப்பும் இணக்கமான குழுவும் வேண்டும் என்ற முடிவு எல்டன் மேயோவின் பெயரோடு உலகம் சுற்றியது. நானும் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவள்தான்.

ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட 'மேனேஜ்மென்ட் அண்ட் தி வொர்க்கர்' நூலைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான், என் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட இருவரைச் சந்தித்தேன். 1928 ஜனவரியில் அந்த ஐவரில் இருவர் அறையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்பது புகார். இத்தனைக்கும் மற்ற பிரிவுகளைவிடத் தாராளமாகப் பேசலாம் என்றுதான் அந்த அறை தொடங்கியது. அவர்கள் இடத்தில் வேறு இருவர் வந்தார்கள், உற்பத்தி உயர்ந்தது. கூலியும் பெரிய பிரிவின் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு, இந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. கூலியைத் தனியாகக் கட்டி, எதிர்த்துப் பேசியவர்களைக் கழித்தபின் மிஞ்சியதற்குத்தான் 'இணக்கமான குழு' என்று பெயர்.

அதே ஆலையில் 1931 இறுதியில் 14 ஆண்களை வேறோர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். இவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் அளவு வைத்துக்கொண்டார்கள். அதை மீறி வேகம் காட்டியவனுக்குக் கையில் குத்து விழுந்தது. பேசினார்கள், பந்தயம் கட்டினார்கள், விதியை மீறி வேலையை மாற்றிக்கொண்டார்கள். இதற்காக யாரையும் விலக்கவில்லை.

முதலாவது பரிசோதனை, இரண்டாவது அவதானிப்பு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். வித்தியாசம் உண்மைதான். ஆனால் யாரை மாற்றிப் பார்க்கலாம், யாரை உள்ளபடி பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது யார்? ஆண்கள் நிர்வாகத்துக்கு அடங்காதது, தொழிலாளர் குழுவுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு என்ற கோட்பாடாக மலர்ந்தது. பெண்கள் அடங்காதது அவர்களுடைய குணக்கேடாகவே நின்றுவிட்டது. அவர்கள் என்ன பேசினார்கள், எதற்காக முரண்டினார்கள் என்பதை வைத்து யாரும் கோட்பாடு எழுதவில்லை.

இதைப் படித்துவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் ஆறு ஆண்டுகள் இருந்தவள் நான். 'குழு மனப்பான்மை', 'ஒத்துழைப்பு', 'உணர்ச்சிக் கட்டுப்பாடு' என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். இரவுப் பணி முடிந்து போக வண்டி ஏன் வரவில்லை என்று மூன்று கூட்டங்களில் தொடர்ந்து கேட்ட ஒரு பெண்ணுக்கு, ஒத்துழைப்பில் இரண்டு போட்டேன். அதே மாதம், வேலைப் பட்டியலை மாற்றச் சொல்லி மேலாளரிடம் கத்திய ஆணுக்கு நான்கு. அவனிடம் 'தலைமைப் பண்பு' இருப்பதாகக் குறிப்பும் எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த எண்கள் எனக்கு இயல்பாகவே தோன்றின.

அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வண்டி மட்டும் அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக வந்தது.

மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அவளுடைய படிவத்தில் அதை நான் காலியாக விட்டிருந்தேன்.