தொழிற்பயிற்சியும் பொறுப்புடைமையும்

இயற்கை வளம் குன்றிய சிங்கப்பூருக்கு மக்களின் உழைப்பும் திறனுமே மூலதனம். ஆதலின், அந்நாட்டு அரசு தொழிற்பயிற்சிக்கெனப் பொதுப்பணத்தைத் தாராளமாகச் செலவிடுகிறது. அவ்வாறு செலவிடுவது போற்றத்தக்கதே. ஆயினும், செலவான பணம் கைத்திறனாக மாறியதா என்னும் கேள்வி இடைவிடாது கேட்கப்பட வேண்டும். அக்கேள்வி தளர்ந்தால் விளைவது யாது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2016 ஜனவரி முதல், 25 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பயிற்சிக்கென 500 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் கற்க வேண்டும் என்னும் அதன் நோக்கம் உயர்ந்தது. ஆனால், வகுப்பின் பக்கமே செல்லாமல் சென்றதாகக் கூறிப் பணம் பெற்றோர் ஏறத்தாழ 4,400 பேர் எனப் பின்னர் தெரியவந்தது. 2017இல் வெளிப்பட்டதோ அதனினும் பெரிது. ஒரு கும்பல் 9 வணிக நிறுவனங்களைக் கருவியாகக் கொண்டு, நடவாத பயிற்சிகளுக்குப் பொய்யான கோரிக்கைகள் அனுப்பி, ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைக் கறந்தது. தாள் சரியாக இருந்தது. தாளுக்குப் பின்னால் வகுப்பும் இல்லை, மாணவனும் இல்லை.

இது சிங்கப்பூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம் தொடங்கியது. பயிற்சி அளிப்போரின் தரம் ஆராயப்படவில்லை. பதிவு செய்துகொண்டாலே போதும் என்னும் நிலை இருந்தது. மோசடிகள் மலிந்தமையால் 2001 நவம்பரில் அத்திட்டமே மூடப்பட்டது. நேர்மையாகக் கற்க முன்வந்தோரும் அதனால் வாய்ப்பிழந்தனர். கள்வன் கவர்ந்தது பணத்தை மட்டுமன்று. திட்டத்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையையும் அவன் கவர்ந்து சென்றான்.

சிங்கப்பூரில் குற்றவாளிகள் சட்டத்தின்முன் நிறுத்தப்பட்டனர். கோரிக்கைகளை ஆராயும் முறையும் இறுக்கப்பட்டது. இவை வேண்டியனவே. எனினும், திருட்டைத் தடுத்துவிட்டால் தரம் தானே வந்துவிடும் என எண்ணுவது பிழை. வகுப்பு நடக்கிறது, வருகை பதிவாகிறது, பற்றுச்சீட்டும் சரியாக இருக்கிறது. ஆயினும், கற்றவன் கையில் திறன் ஏதும் சேரவில்லை என்றால் அதுவும் பொதுப்பணத்தின் இழப்பே. இவ்விழப்பைக் கணக்காய்வாளர் எளிதில் காண இயலாது. வேலையிழந்து 45 வயதில் மீண்டும் வகுப்பறையில் அமர்ந்தவனே காண்பான். அவன் முதலீடு செய்தது அரசின் பணத்தை மட்டுமன்று. தன் மாலைப் பொழுதுகளையும் தன்மானத்தையும் முதலீடு செய்திருக்கிறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவன் வேலை தேடும்போதுதான் உணர்கிறான்.

வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருப்பதால் நாற்பது பேரும் பாடம் கற்றனர் என எந்த ஆசிரியரும் சொல்லார். தொழிற்பயிற்சியில் மட்டும் சேர்ந்தோர் தொகையைக் கொண்டு வெற்றியை அளப்பது எங்ஙனம் பொருந்தும்? பயிற்சி முடிந்தவரிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் இடும் முறை இன்று உண்டு. அது பயனுடையது, ஆனால் போதுமானதன்று. இனிமையாகப் பேசும் ஆசிரியருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கலாம். கடுமையாகப் பயிற்றுவித்தவருக்குக் குறையலாம். திறனை அளக்க வேண்டிய இடம் கருத்துத்தாள் அன்று, வேலைக்களமே.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரின் தொழிலியல் பயிற்சி வாரியம் 1973இல் தேசியத் தொழிற் சான்றிதழை மூன்று படிநிலைகளில் அமைத்தது. தொழில் தேர்வில் தேறியவனே சான்றிதழுக்கு உரியவன் ஆனான். வேலை செய்தே தொழில் கற்றவனுக்கும் அத்தேர்வு திறந்திருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்பதை விட்டு, என்ன செய்யத் தெரியும் எனக் கேட்டது அம்முறை. கற்பிப்பவரும் அவரே, தேர்வாளரும் அவரே, கட்டணம் பெறுபவரும் அவரே என்றால் நடுநிலை எங்ஙனம் நிலைக்கும்? பயிற்றுவோர் வேறு, சோதிப்போர் வேறு என்னும் வேலி இருப்பது நன்று.

தேர்ச்சியைக் கொண்டே பணம் தந்தால், பயிற்சி நிறுவனங்கள் எளிதில் தேறுவோரை மட்டும் சேர்த்து, மெல்லக் கற்போரைப் புறக்கணிக்கும் என்பர் சிலர். இவ்வச்சம் நியாயமானது. ஆகவே, வந்தபோது இருந்த நிலையையும் சென்றபோது அடைந்த நிலையையும் ஒப்பிட்டே நிறுவனத்தின் உழைப்பை மதிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறியவனைத் தொழிலாளியாக்கிய வகுப்பு, ஏற்கெனவே தேர்ந்தவனுக்குத் தாள் வழங்கிய வகுப்பினும் உயர்ந்ததன்றோ?

2024 மே முதல் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மேலும் 4,000 வெள்ளி வழங்கப்பட்டுள்ளது. வேலைவாய்ப்போடு தொடர்புடைய, தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கே அது பயன்படும். இது நல்ல திருப்பம். எனினும், தொகை பெருகும்போது கேள்வியும் கூர்மையாக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதோடு நில்லாமல், எத்தனை பேர் கற்ற தொழிலைச் செய்கின்றனர் என்பதையும் ஒவ்வொரு பயிற்சி நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். நாளைய பயிற்றுநராக வரவிருக்கும் மாணவர்கள் ஒன்றை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்: பொறுப்புடைமை என்பது மேலிடத்திற்குக் கணக்குக் காட்டுவதோடு முடிவதன்று, எதிரே அமர்ந்து கற்பவனுக்கும் அக்கணக்கை ஒப்புவித்தாக வேண்டும்.