பொது மொழிபெயர்ப்பும் பிரிந்த வழக்குகளும்: தமிழ்க் கிறித்தவச் சொல்லாட்சி – ஒரு மதிப்பீடு

கிறித்தவத் திருச்சபைகளின் பிரிவினை பெரும்பாலும் கொள்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தமிழைப் பொறுத்தவரை அது மொழி வரலாறும் ஆகும். ஒருவர் ‘சேசு’ என்கிறாரா ‘இயேசு’ என்கிறாரா, ‘பூசை’ என்கிறாரா ‘ஆராதனை’ என்கிறாரா என்பதைக் கொண்டே அவர் சார்ந்த சபையை ஒரு காலத்தில் எளிதில் உணர முடிந்தது. இவ்வேறுபாட்டைக் கடக்கும் நோக்குடன் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்ட நிலையில், சபைப் பிரிவினையைச் சொற்களின் வழியே சரிசெய்ய முற்பட்ட அம்முயற்சி எந்த அளவு வெற்றி பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வழக்குகள் பிரிந்த வரலாறு

1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலில் அண்டிரிக்கு அடிகளார் இறைவனைத் ‘தம்பிரான்’ என்றார். அவருக்குப் பின் வந்த தத்துவ போதகர் ‘சர்வேசுரன்’ என்னும் சொல்லை ஆண்டார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் சபையினரான சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தபோது, கத்தோலிக்கர் வழங்கிய சொற்கள் பலவற்றை, ‘சர்வேசுரன்’ உட்பட, அப்படியே ஏற்றுக்கொண்டார். இதே நூற்றாண்டில்தான் வீரமாமுனிவர் லுத்தரன் சபையினரை மறுத்து ‘வேத விளக்கம்’ முதலியவற்றை எழுதினார். ஆகவே, சபைகளுக்கிடையே பூசல் மிகக் கடுமையாக இருந்த காலத்தில் அவற்றின் சொற்களுள் ஒரு பகுதி பொதுவாகவே இருந்தது என்பது நோக்கத்தக்கது.

சொற்பிரிவு பின்னரே வலுப்பெற்றது. பப்பிரிசியுசு ‘பராபரன்’ என்றார். பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமை பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. இருபதாம் நூற்றாண்டில் லார்சன் முதலியோர் செய்த திருத்திய மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்றது. ‘ஐக்கிய’ என்னும் பெயர் தாங்கிய மொழிபெயர்ப்பு வந்த பின்பும் லுத்தரன் சபையினர் பப்பிரிசியுசின் பெயர்ப்பைக் கைவிடவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோதும் தமிழ் லுத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. எனவே சொற்பிரிவைக் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர் என்னும் இருமைக்குள் மட்டும் அடக்குவது பொருந்தாது.

2. பொது மொழிபெயர்ப்பின் பேறுகள்

இம்மொழிபெயர்ப்பின் முதற்பேறு இயற்பெயர்களில் காணப்படுகிறது. கத்தோலிக்க மரபு ‘பவுல்’ என்பதன் இலத்தீன் மூலத்திற்குரிய ‘சிறியவர்’ என்னும் பொருளை நோக்கிச் சின்னப்பர் என்றது. ‘யோவான்’ என்பதன் எபிரேய மூலத்தில் உள்ள அருட்பொருளை நோக்கி அருளப்பர் என்றது. சீர்திருத்த மரபு ஒலிபெயர்ப்பையே மேற்கொண்டது. முன்னது பெயரைப் பொருளாகவும் பின்னது பெயரை ஒலியாகவும் கருதின எனலாம். பொது மொழிபெயர்ப்பு பேதுரு, பவுல், யோவான் என்னும் ஒலிபெயர்ப்பு வடிவங்களை ஏற்றது. இதில் விட்டுக்கொடுத்தவர் கத்தோலிக்கர் ஆவர்.

ஆனால் சின்னப்பர், அருளப்பர் ஆகியவற்றில் ‘அப்பர்’ என்பது பொருளுக்கு மட்டுமன்றி மதிப்புக்கும் உரியது. புனிதர் வணக்கம் பற்றிய கொள்கை வேறுபாடு இங்கு விகுதியிலேயே பதிந்துள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் இயேசுவுக்கு ‘-ஆர்’ விகுதியும் சீடர்களுக்கு ‘-ஆன்’ விகுதியும் வருகின்றன. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்போ சீடர்களுக்கும் ‘-ஆர்’ விகுதி தந்தது. பெயர் வடிவில் ஒரு சாரார் விட்டுக்கொடுத்ததை வினை வடிவில் மறுசாரார் ஈடுசெய்தனர் எனக் கொள்ள இடமுண்டு. இன்றைய உரைநடை வழக்கோடும் இது ஒத்துப்போகிறது.

இரண்டாவது பேறு ‘கடவுள்’ என்னும் சொல். ‘தேவன்’ என்னும் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு ‘-ஆர்’ ஈற்று வினை வருவது எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே முரணைத் தோற்றுவிக்கிறது. பழக்கத்தால் இம்முரண் வழிபடுவோர் செவிக்குப் புலப்படுவதில்லை எனினும் இலக்கண நோக்கில் அது மறையவில்லை. ‘கடவுள்’ என்பது ‘-அன்’ விகுதி பெறாத சொல்லாதலின் இம்முரண் நீங்குகிறது. மேலும் அது தமிழர் அனைவருக்கும் பொதுவான சொல், எச்சபைக்கும் தனியுரிமையானதன்று.

3. பொதுச்சொல்லின் இழப்பு

இப்பேறுகளுக்கு மாறாக ஓர் அடிப்படைக் குறையும் உண்டு. ‘ஞானஸ்நானம்’ என்னும் சொல் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், லுத்தரன் சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் ஆகிய அனைவரிடமும் வழங்கியது. பிரிந்த சபைகளிடையே ஏற்கெனவே பொதுவாக நின்ற மிகச் சில சொற்களுள் இது ஒன்று. பொது மொழிபெயர்ப்பு இதனை நீக்கித் ‘திருமுழுக்கு’ என்றது. அதேபோல் இரு சாராரிடமும் வழங்கிய ‘பரிசுத்த ஆவி’ நீக்கப்பட்டுத் ‘தூய ஆவி’ இடம்பெற்றது. இம்மாற்றங்களுக்குக் காரணம் சபை ஒற்றுமை அன்று, தனித்தமிழ் நோக்கேயாகும். இரண்டு நோக்கங்களும் ஒன்றே எனக் கொண்டது மொழிபெயர்ப்பாளர்களின் பிழை எனலாம்.

‘திருமுழுக்கு’ வேறொரு சிக்கலையும் உடையது. நீரில் முழுக வேண்டுமா, தலையில் நீர் வார்த்தால் போதுமா என்பது சபைகளுக்கிடையே நெடுங்கால வழக்கு. இதனால்தான் ‘முழுக்கு ஞானஸ்நானம்’, ‘தெளிப்பு ஞானஸ்நானம்’ என்னும் தொடர்கள் தோன்றின. கிரேக்க மூலச்சொல்லின் பொருளுக்கு ‘முழுக்கு’ நெருக்கமானதே. ஆயினும் நீர் வார்க்கும் சபை தன் சடங்கைத் ‘திருமுழுக்கு’ என அழைக்கும்போது சொல் ஒன்றும் செயல் ஒன்றுமாகிறது. ‘ஞானஸ்நானம்’ என்பதில் ‘ஞான’ என்னும் அடை நீராடலை உருவகமாக்கி அவ்வழக்கைத் தணித்து வைத்திருந்தது.

4. ஒரே சொல், இரு பதவி

வேறு வேறு சொற்களைவிட ஒரே சொல் வேறு வேறு பொருளில் வழங்குவதே மொழிபெயர்ப்பாளருக்குப் பேரிடர் தருவது. கத்தோலிக்கத் திருச்சபையில் ‘ஆயர்’ என்பவர் மறைமாவட்டத் தலைவர். ‘பேராயர்’ உயர்மறைமாவட்டத் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையில் ‘ஆயர்’ ஒரு சபையின் குருவானவர். ‘பேராயர்’ திருமண்டலத் தலைவர். சபைகளைப் பிரித்த முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று இப்பதவியின் அதிகாரம் பற்றியதே ஆகும். அச்சிக்கல் இங்கு ஒரே சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. இருசபையினர் கூடும் நிகழ்ச்சியின் அழைப்பிதழை மொழிபெயர்ப்பவர்கூட இதில் இடறுவார். பொது மொழிபெயர்ப்பு, திருமுகங்களில் வரும் மூலச்சொல்லுக்கு ‘ஆயர்’ எனாது ‘கண்காணிப்பாளர்’ எனப் பொருள்பட மொழிபெயர்த்தது பாராட்டத்தக்கது. பிற்காலப் பதவியை முற்காலப் பனுவலில் ஏற்றாமல் விட்டதால் எச்சபையும் அதனைத் தன் சான்றாகக் கொள்ள இடமில்லை.

5. வேறுபாட்டை வெளிப்படக் காட்டல்

பழைய ஏற்பாட்டு நூல்கள் கத்தோலிக்கருக்கு 46. சீர்திருத்தச் சபையினருக்கு 39. இவ்வேறுபாட்டைச் சொல்லால் தீர்க்க இயலாது. பொது மொழிபெயர்ப்பு இதனை மறைக்க முயலாமல், ‘இணைத் திருமுறை’ என்னும் பெயரில் அந்நூல்களை இரு ஏற்பாடுகளுக்கும் இடையே தனிப்பகுதியாக வைத்தது. ஒருவர் கொள்கை மற்றவருக்கு வெளிப்படத் தெரிகிறது. எவரும் தம் கொள்கையை இழக்கவில்லை. மொழிபெயர்ப்பு முழுவதிலும் சபைப் பிரிவினையை மிக நேர்மையாகக் கையாண்ட இடம் இதுவே எனலாம்.

முடிவுரை

இன்று கத்தோலிக்கர் தம் வழிபாட்டில் 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையே படிக்கின்றனர். சீர்திருத்தச் சபையினருள் பெரும்பாலோர் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை விடவில்லை. அவர்களது செபமும் பாடலும் மனப்பாட வசனமும் ‘கர்த்தர்’, ‘தேவன்’, ‘கிருபை’ என்னும் சொற்களால் ஆனவை. ‘ஆண்டவர்’, ‘கடவுள்’, ‘அருள்’ ஆகியவை பொருளால் குறைந்தவை அல்லவாயினும் அந்நினைவைத் தாங்குவதில்லை. இதன் விளைவாகப் பொதுமைக்கென உருவான நூல் ஒரு சபையின் நூலாகப் பலரால் கருதப்படுகிறது.

சமயச் சொல் பொருளை மட்டும் சுமப்பதன்று, உரியவரையும் சுட்டுவது. நீதித் தலைவர்கள் நூலில் ஓர் ஒலியைச் சரியாக ஒலிக்க இயலாமையால் ஆற்றங்கரையில் உயிரிழந்தோரின் செய்தி இதற்கு மிகப் பழைய சான்று. புதிய கூட்டு முயற்சிகளில் ஈடுபடுவோர் சொற்களை மாற்றுமுன் அவற்றை மூவகையாகப் பகுத்துக் கொள்ளுதல் நலம்: முன்னரே பொதுவாயிருப்பவை, பெயரளவில் வேறுபடுபவை, கொள்கையளவில் வேறுபடுபவை. முதல்வகையைத் தொடாமல் காத்தல் வேண்டும். இரண்டாம் வகையில் விட்டுக்கொடுத்தல் இயலும். மூன்றாம் வகையில் வேறுபாட்டை வெளிப்படக் காட்டுதலே தக்கது. பொது மொழிபெயர்ப்பு பின்னிரு வகைகளில் பெரிதும் வென்றது. முதல்வகையில் அது இழந்ததை மீட்பது எளிதன்று.