வியர்வையும் மையும்

மாரியோ கார்ட் பந்தயத்தில் முதலாவதாக ஓடுகிறவருக்குப் பரிசுப் பெட்டிகள் பெரிதாக எதையும் தருவதில்லை. ஒரு வாழைப்பழத் தோல், ஒரு காசு, மிஞ்சிப்போனால் ஒரு பச்சை ஆமை ஓடு. கடைசியில் தடுமாறிக்கொண்டு வருகிறவருக்கோ அதே பெட்டி நட்சத்திரம் தரும். தானே சீறிப் பறந்து முன்னால் போகும் பலரைத் தாண்டிவிடும் பீரங்கிக் குண்டையும் தரும். அதனால் ஆறு வயதுக் குழந்தையும், கல்லூரிக்குப் போகும் அண்ணனும், அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டே அறியாத தாத்தாவும் ஒரே பந்தயத்தில் ஓடலாம். கடைசி வளைவு வரை யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், வண்டி பாதையை விட்டு விழாமல் தானே திரும்பிக்கொள்ளும் வசதியையும் சேர்த்தது. அந்த வசதியை அணைத்துவிட்டால்தான் சில குறுக்கு வழிகளில் புக முடியும். புதியவருக்குத் துணையும் தேர்ந்தவருக்குச் சவாலும் ஒரே தடத்தில் கிடைக்கின்றன. 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆட்டம் இது.

'பிள்ளைகளுக்கு நம்பி வாங்கித் தரலாம்' என்ற பெயர் வீடியோ கேம் உலகில் நிண்டெண்டோவுக்கு வாய்த்ததுபோல் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் எல்லாக் காலத்திலும் அதற்குச் சோறு போடவில்லை. எதையெல்லாம் நீக்கலாம் என்ற கணக்காக அதை எடுத்துக்கொண்டபோது இளைஞர்கள் விலகிப் போனார்கள். எல்லோரையும் எப்படி ஒன்றாக ஆடவைக்கலாம் என்ற வடிவமைப்புக் கேள்வியாக எடுத்துக்கொண்டபோது, மற்ற நிறுவனங்கள் எட்டிக்கூடப் பார்க்காத கூட்டம் வந்து சேர்ந்தது. இந்த நிறுவனத்தின் வரலாற்றை நான் ரசிப்பது இந்த இரண்டுக்கும் நடுவே அது ஊசலாடிய விதத்தில்தான்.

நிண்டெண்டோ 1889இல் கியோட்டோவில் பிறந்தது. அதன் முதல் தொழில் ஹனஃபூடா என்னும் பூச்சித்திரச் சீட்டுகள். ஜப்பானில் அந்தச் சீட்டுகளின்மேல் சூதாட்டத்தின் வாடை எப்போதும் உண்டு. 1959இல் அதன் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி டிஸ்னியோடு ஒப்பந்தம் செய்து, சீட்டுகளில் டிஸ்னிப் பாத்திரங்களை அச்சிட்டார். சூதாடிகளின் கையில் இருந்த பொருள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான கன்சோலுக்கு ஃபேமிலி கம்ப்யூட்டர் என்றே பெயர் வைத்தார்கள். (1990களில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்று வந்த பெட்டிகளில் பல இதன் நகல்கள்தாம்.) அமெரிக்காவில் அதே சமயம் வீடியோ கேம் சந்தை சரிந்து கிடந்தது; கேம் என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1985இல் நியூயார்க்கில் விற்பனையைத் தொடங்கியபோது ஒரு பிளாஸ்டிக் ரோபோவைத் துணைக்கு வைத்துப் பொம்மையாக விற்றார்கள். அந்த ரோபோவைக் கொண்டு ஆட வெளிவந்த ஆட்டங்கள் இரண்டே இரண்டு. கடைக்குள் நுழையும் வேலையை அது செவ்வனே முடித்துவிட்டது.

பெயர் நிலைத்ததும் அதைக் காக்கும் கவலை வந்தது. அமெரிக்கக் கிளை, தன் கருவியில் வரும் ஆட்டங்களுக்குக் கடுமையான விதிகளை வைத்திருந்தது: ரத்தம் கூடாது, மதச் சின்னம் கூடாது, ஆபாசம் கூடாது. 1993 செப்டம்பரில் மார்ட்டல் காம்பேட் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது விதி முட்டிக்கொண்டது. ஆர்கேட் கூடங்களில் ரத்தத்தால் புகழ்பெற்ற சண்டை ஆட்டம் அது. சூப்பர் நிண்டெண்டோ பதிப்பில் ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றினார்கள். உயிரெடுக்கும் இறுதி அடிகளையும் மழுக்கினார்கள். போட்டி நிறுவனமான சேகாவின் ஜெனிசிஸ் கருவியில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பொத்தான்களைத் தட்டினால் ரத்தம் வரும். பள்ளிக்கூட வாசல்களில் அந்த ஏழெழுத்து மந்திரம் வேகமாகப் பரவியது. படத்திலும் ஒலியிலும் நிண்டெண்டோ பதிப்புதான் மேல். விற்பனையில் ஜெனிசிஸ் அதை வெகுதூரம் முந்திவிட்டது.

அந்த வியர்வையைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மார்ட்டல் காம்பேட்டின் சுவையே மிகைதான். மேடைக்கூத்துபோல எல்லாம் பெருக்கிக் காட்டப்படும் ஆட்டம் அது. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டால் வன்முறை குறைந்துவிடாது, வெளிறித்தான் போகும். அடி அப்படியே இருக்கிறது, அடியின் பொருள் மட்டும் காணாமல் போகிறது. அந்தப் பதிப்பில் குழந்தைக்கென்று புதிதாக எதுவும் உருவாக்கப்படவில்லை. இளைஞனுக்குப் பிடித்தது பறிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பற்றிய விசாரணை நடந்தது. 1994இல் தொழில்துறையே வயதுவாரித் தரமதிப்பீட்டு முறையை நிறுவியது. மார்ட்டல் காம்பேட்டின் இரண்டாம் பாகம் நிண்டெண்டோவிலும் ரத்தத்தோடு வந்தது.

ஆனால் 'சின்னப்பிள்ளைகளின் கருவி' என்ற முத்திரை அதற்குள் காய்ந்து இறுகிவிட்டது. சோனி தன் பிளேஸ்டேஷனை பிரிட்டனில் இரவு விடுதிகளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, இருபது வயதுக்காரர்களிடம் பேசியது. 2001இல் நிண்டெண்டோ கேம்கியூபை ஊதா நிறத்தில், பின்னால் கைப்பிடியோடு வெளியிட்டது. ரெசிடென்ட் ஈவில் 4 என்னும் பேரச்ச ஆட்டம் 2005இல் முதலில் கேம்கியூபில்தான் வந்தது. பின்னர் வந்த பிளேஸ்டேஷன் 2 பதிப்புதான் அதிகம் விற்றது. கருவியின் முகம் ஆட்டத்தின் முகத்தை மறைத்துவிட்டது. கேம்கியூப் மொத்தம் 2.17 கோடி விற்றது, பிளேஸ்டேஷன் 2-ஓ 15 கோடிக்கு மேல். சோனியின் கருவியில் டிவிடி படம் பார்க்க முடிந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அதே கேம்கியூபில் கார்ட்டூன் தோற்றத்தோடு வந்த செல்டா ஆட்டமான விண்ட் வேக்கரைப் 'பிள்ளைத்தனம்' என்று பலர் அன்று ஒதுக்கினார்கள். இன்று போட்டுப் பாருங்கள்: நிஜம்போலத் தோன்ற முயன்ற அக்கால ஆட்டங்களின் முகங்கள் எல்லாம் மூப்படைந்துவிட்டன, விண்ட் வேக்கரின் கடல் மட்டும் நேற்று வரைந்ததுபோல் இருக்கிறது.

2002இல் தலைமைக்கு வந்த சதோரு இவாதா தானே ஆட்டங்களை நிரலெழுதி வளர்ந்தவர். விலகிப்போன இளைஞர்களைத் துரத்துவதைவிட, கேம் பக்கமே வராதவர்களை அழைப்பது எப்படி என்று அவர் யோசித்தார். 2006இல் வந்த வீ கன்சோல் அந்த யோசனையின் உருவம். பெட்டி மூன்று டிவிடி உறைகளை அடுக்கிய அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டார். வீட்டில் அது யாருக்கும் இடைஞ்சலாகக் கூடாது. கன்ட்ரோலருக்கு டிவி ரிமோட்டின் வடிவம் கொடுத்தார்கள், ஏனென்றால் ரிமோட்டை எடுக்க யாரும் தயங்குவதில்லை. வலிமையில் போட்டிக் கருவிகளைவிடப் பின்தங்கியிருந்தது, விலையும் குறைவு.

அதோடு வந்த வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸை, எளிமை எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கான பாடமாகவே நான் பார்க்கிறேன். களத்தில் ஓடுவதை ஆட்டமே கவனித்துக்கொள்கிறது. நாம் கையை வீசினால் போதும், பந்து வலையைத் தாண்டும். ஐந்து நிமிடத்தில் யாரும் ஆடிவிடலாம். சில நாள் போன பிறகுதான் அடுத்த அடுக்கு தெரியவரும்: கொஞ்சம் முந்தி வீசினால் பந்து ஒரு பக்கம், கொஞ்சம் பிந்தினால் மறுபக்கம், மணிக்கட்டைத் திருப்பினால் சுழல். பொத்தான்களை நீக்கியது மேலோட்டமான வேலை. அந்த இடத்தில் உடலுக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் அசைவை வைத்ததுதான் கலை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் வீ பவுலிங் போட்டிகள் நடந்தன. ஆட்ட வேகத்தில் கையிலிருந்து நழுவிய ரிமோட்டுகள் டிவித் திரைகளைப் பதம் பார்த்ததால், ரிமோட்டை மணிக்கட்டோடு பிணைக்கும் வாரை மேலும் உறுதியாக்கி மாற்றித் தர வேண்டியிருந்தது. வீ 10 கோடியைத் தாண்டி விற்றது.

இந்தக் கூட்டத்துக்கும் ஒரு குணம் உண்டு. வீ ஸ்போர்ட்ஸுக்காகக் கருவி வாங்கிய பலர் வேறு ஆட்டம் தேடி அதிகம் போகவில்லை. கறுப்பு வெள்ளையில் ரத்தத்தை மட்டும் சிவப்பாகக் காட்டிய மேட்வேர்ல்டை 2009இல் சேகா இதே கருவிக்குக் கொண்டுவந்தது. பார்க்க அழகானது, வாங்க ஆளில்லை. கைபேசியில் ஆட்டங்கள் மலிந்ததும் அந்தத் தாத்தா பாட்டிகள் அங்கே போய்விட்டார்கள். அடுத்து வந்த வீ யூ 1.36 கோடியோடு நின்றது. இவாதா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

ஆனால் தோற்றுக்கொண்டிருந்த அந்தக் கருவியில்தான், 2015இல், மார்ட்டல் காம்பேட்டின் வியர்வைக்குச் சரியான பதில் வந்தது. ஸ்ப்ளட்டூன் ஒரு துப்பாக்கிச் சுடும் ஆட்டம். ஆனால் துப்பாக்கியில் இருப்பது வண்ண மை. நான்கு பேர் கொண்ட இரண்டு அணிகள் மூன்று நிமிடம் மோதும். முடிவில் எந்த அணி தரையில் அதிகப் பரப்பைத் தன் நிறத்தால் நனைத்திருக்கிறதோ அதுவே வெல்லும். தொடக்க மாதிரியில் வெறும் தோஃபுக் கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று மையைப் பீய்ச்சிக்கொண்டன. பிறகு முயல்களை வைத்துப் பார்த்து, கடைசியில் கணவாய் மீனுக்கு வந்தார்கள். நினைத்த நேரத்தில் நம் ஆள் கணவாயாக மாறித் தன் நிற மைக்குள் மூழ்கி நீந்தலாம். அங்கே ஒளியலாம், சுவரேறலாம், தீர்ந்த மையை நிரப்பிக்கொள்ளலாம். எதிரியின் மையில் கால் வைத்தால் வேகம் செத்துவிடும்.

ரத்தத்தின் இடத்தில் வந்த மை இங்கே வெற்று மாற்றாக இல்லை. அதுவே ஆயுதம், அதுவே பாதை, பதுங்குமிடம், மதிப்பெண். குறிவைக்கத் தெரியாத குழந்தை ஒருவரையும் வீழ்த்தாமல் ஓர் ஓரத்தில் தரையை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாலும் தன் அணியை ஜெயிக்க வைக்கலாம். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கென்று மைகளின் நிறத்தை மாற்றாமல் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. 2022இல் மூன்றாம் பாகம் ஜப்பானில் மட்டும் மூன்றே நாளில் 34.5 லட்சம் விற்றது. நிண்டெண்டோ பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டோம் என்றிருந்த பதின்வயதினரும் இதில் சேர்ந்தார்கள்.

2018இல் நடந்த உலகப் போட்டியில் தேர்ந்த அணிகள் மோதியதும் இதே மையில்தான். அவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போது யார் யாரைச் சுட்டார் என்பதைவிட, எந்தப் பாதையை எந்த நொடியில் நனைத்து வைத்தார்கள், அதனால் பத்து நொடி கழித்துத் தோழன் எங்கே நீந்தி வந்து எழ முடிந்தது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். அந்தக் கணக்குப் பிடிபட்டால் இரண்டாம் முறை அதே ஆட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.