மார்ச் 10க்கு ஒருமுறை தரம்சாலா போய்ப் பாருங்கள்!

ஒரு மக்கள் கூட்டத்தை எப்படி நடத்தவேண்டும் என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான். இமாச்சலப் பிரதேசத்தில் தரம்சாலாவுக்கு மேலே இருக்கும் மெக்லியோட் கஞ்ச். நாள், மார்ச் 10. அங்கே லாரியில் ஆள் பிடித்து வருவதில்லை. ஆளுயரக் கட்-அவுட் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு யாரும் கொடி பிடிப்பதில்லை. தங்கள் கைக்காசைப் போட்டு, கடையை அடைத்துவிட்டு, பாட்டி முதல் பேரன் வரை நாடுகடந்து வாழும் திபெத்தியச் சமூகமே தெருவில் இறங்குகிறது. அந்த நாளுக்கான வேலைகளில் கூடமாட நிற்கும் பாக்கியம் எனக்கும் கிடைத்தது. அந்த உற்சாகம் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை!

மார்ச் 10க்கு ஏன் இத்தனை மகிமை? 1950ல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. 1951ல் 17 அம்ச ஒப்பந்தம் என்ற ஒன்றைத் திணித்தார்கள். 1959 மார்ச்சில், சீன ராணுவ முகாமில் நடக்கும் ஒரு கலைநிகழ்ச்சிக்கு தலாய் லாமாவை மெய்க்காவலர்கள் இல்லாமல் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று லாசா நகரம் முழுக்கச் செய்தி பரவியது. 10ஆம் தேதி காலையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்துகொண்டு அவரை வெளியே விடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 12ஆம் தேதி பெண்கள் தனியாகத் திரண்டார்கள். 17ஆம் தேதி இரவு, சாதாரணச் சிப்பாயின் உடையில் தலாய் லாமா அங்கிருந்து புறப்பட்டார். 31ஆம் தேதி இந்திய மண்ணில் கால்வைத்தார். அவர் புறப்பட்ட பின் லாசாவில் குண்டு மழை பொழிந்து எழுச்சியை ஒடுக்கிவிட்டார்கள்.

கவனித்துப் பாருங்கள், திபெத்தியர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் அந்த நாளே ஒரு கூட்டம்தான். யாரும் மேடை போட்டு அழைக்காமல், ஜனங்கள் தாங்களாகவே கூடிய கூட்டம். அதனால்தான் கூட்டம் கூட்டுவது இவர்களுக்குச் சடங்கல்ல. மண் கையைவிட்டுப் போன பிறகு, கூடி நிற்பதையே நாடாக ஆக்கிக்கொண்டவர்கள் இவர்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தட்டி எழுதும்போது கண்ணால் கண்டேன்.

ஊர்வலத்தை நடத்துவது ஏதோ ஒரு கட்சியல்ல. 1970ல் தொடங்கிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ், 1984ல் புத்துயிர் பெற்ற திபெத்தியப் பெண்கள் சங்கம், சிறையிலிருந்து மீண்டவர்கள் 1991ல் ஆரம்பித்த கு-சு-சும் அமைப்பு, திபெத் தேசிய ஜனநாயகக் கட்சி, சுதந்திர திபெத்துக்கான மாணவர்கள் என்று பல அமைப்புகள் சேர்ந்து உட்கார்ந்து திட்டமிடுகின்றன. இந்தக் கூட்டு வேலைதான் எனக்கு முதல் பிரமிப்பு. இளைஞர் காங்கிரஸ் முழுச் சுதந்திரம், அதாவது 'ரங்ஸென்', கேட்கிற அமைப்பு. நாடுகடந்த திபெத்திய நிர்வாகமோ சீனாவுக்குள்ளேயே உண்மையான தன்னாட்சி போதும் என்கிற 'உமேலம்' என்ற நடுவழிக் கொள்கையைப் பிடித்து நிற்கிறது. நம் ஊரில் இத்தனை பெரிய வேறுபாடு இருந்தால் இரண்டு கூட்டம், இரண்டு தேதி, இரண்டு போஸ்டர் யுத்தம் நடந்திருக்கும். இங்கே ஒரே பாய், ஒரே தேநீர்க் கெட்டில்! வாதம் சூடாகவே நடக்கிறது. எந்த முழக்கம் முன்னால் வரவேண்டும், எந்தப் பதாகை எந்த வரிசையில் போகவேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது வேலைப் பங்கீடு தயாராக இருக்கிறது. ஒருவருக்கு ஒலிபெருக்கி, ஒருவருக்கு முதலுதவிப் பெட்டி, ஒருவருக்குக் காவல்துறை அனுமதி, ஒருவருக்குப் பத்திரிகைக்காரர்கள். ஒருவர்கூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியேறி நான் பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது பதாகை வேலை. திபெத்தியக் கொடியை அவ்வளவு பக்கத்தில் வைத்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நடுவில் வெள்ளைப் பனிமலை, அதன் உச்சியில் சூரியன், சூரியனிலிருந்து ஆறு சிவப்பு, ஆறு நீலம் என்று மாறிமாறி விரியும் பன்னிரண்டு கதிர்கள். மலைமுன்னே இரண்டு பனிச் சிங்கங்கள் சேர்ந்து ஒளிரும் ரத்தினங்களை ஏந்தி நிற்கின்றன. மூன்று பக்கம் மஞ்சள் கரை. நான்காவது பக்கம் கரையில்லாமல் திறந்தே இருக்கும். எல்லாப் பக்கமும் கரை இழுத்துவிடாமல் இருக்கிறேனா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார் ஒரு பாலா. வயதான ஆண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள், பெண்களை அமாலா என்று. அவர் கையிலிருந்த ஜெபமாலை ஒரு நொடிகூட நிற்கவில்லை. உதடு மந்திரம் சொல்கிறது, கண் என் தூரிகையை விட்டு அகலவில்லை! சிங்கத்தின் பிடரிமயிருக்குப் பச்சை வண்ணம் தீட்டி முடித்ததும் தலையை ஆட்டிச் சிரித்தார். எந்த விருதுக்கும் அந்தச் சிரிப்பை நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். இதே கொடியைத் திபெத்துக்குள் வைத்திருந்தால் சிறை. இங்கே ஒரு குழந்தை அதைக் கன்னத்தில் வரைந்துகொண்டு பள்ளிக்கூட நண்பர்களோடு ஓடி விளையாடுகிறது.

நோட்டீஸ் கொடுக்கப் போன அனுபவத்தைச் சொல்லாமல் விடமுடியாது. மெக்லியோட் கஞ்சில் திபெத்தியர்கள் மட்டுமில்லை. கத்தி இனத்தைச் சேர்ந்த மலைவாசிகள், பஞ்சாபிலிருந்து வந்த வியாபாரிகள், டாக்ஸி ஓட்டுநர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு இங்கே ஒரு கூட்டமும் நடக்காது என்று ஏற்பாட்டாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடை கடையாக ஏறி, எத்தனை மணிக்கு எந்தச் சாலை அடைபடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வெறும் தகவலாகச் சொல்வதில்லை, காரணத்தையும் சொல்கிறார்கள். "திபெத் கீ ஆஸாதி, பாரத் கீ சுரக்ஷா" என்பது இந்திக்காரர்களுக்கான முழக்கம். திபெத்தின் விடுதலையில்தான் இந்தியாவின் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். இதில் மிகை எதுவும் இல்லை. 1950க்கு முன்னால் இமயத்துக்கு அப்பால் நம் அண்டை நாடு சீனா அல்ல, திபெத்தான். பிரம்மபுத்திரா, சிந்து, சட்லெஜ் எல்லாம் திபெத்திய மேட்டுநிலத்தில்தான் பிறக்கின்றன. டீக்கடைக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ஊர்வலத்தில் வருகிற பெரியவர்களுக்குக் கடைவாசலில் பெஞ்ச் போட்டுவைக்கிறேன் என்றார். மக்கள் ஆதரவைத் திரட்டுவது என்றால் இதுதான். மேடைப்பேச்சில் கிடைக்காத ஆதரவு ஒரு டீக்கடை பெஞ்சில் கிடைத்தது!

நம் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. அங்கே "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்கும் திபெத்திய இளைஞர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கல்லூரி படித்தவர்கள். 2021ல் 'சிக்யோங்' என்னும் அரசியல் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பென்பா செரிங், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். கவிஞரும் போராளியுமான டென்சின் சுண்டூவும் சென்னையில் பட்டம் பெற்றவர்தான். படிப்பு முடிந்ததும் தன்னந்தனியாக மலையேறித் திபெத்துக்குள் போய் லாசா சிறையில் கிடந்து திரும்பியவர். 2005ல் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபோது, அங்கேயே கட்டிடத்தின் மேலே ஏறி நின்று பதாகையை விரித்தார். நாடு விடுதலையாகும்வரை கழற்றமாட்டேன் என்று தலையில் அவர் கட்டியிருக்கும் சிவப்புத் துணியைப் பார்த்தாலே எனக்குள் ஒரு நிமிர்வு வந்துவிடும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். விடியும்போதே மலைக்குளிர் எலும்பைத் தொடுகிறது. தவுலாதார் சிகரங்களில் பனி வெள்ளையாகப் பளபளக்கிறது. தலாய் லாமா கோயிலான சுக்லாகாங்கின் முற்றம் நிரம்பி வழிகிறது. பெண்கள் சூபாவும், மணமானவர்கள் அதன்மேல் வண்ணக் கோடுகள் போட்ட பாங்தென் என்ற முன்துணியும் அணிந்து வந்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீருடையில், துறவிகள் செவ்வாடையில். கொடி ஏறுகிறது. திபெத்திய தேசிய கீதமும் நம் ஜன கண மனவும் ஒலிக்கின்றன. உயிர்நீத்தவர்களுக்காக மௌனம். பிறகு காஷாக் என்னும் அமைச்சரவையின் அறிக்கையும், நாடுகடந்த நாடாளுமன்றத்தின் அறிக்கையும் வாசிக்கப்படுகின்றன. சொந்த மண்ணே இல்லாத ஒரு மக்கள் ஓட்டுப்போட்டு நாடாளுமன்றம் நடத்துகிறார்கள், 2011ல் தலாய் லாமாவே தன் அரசியல் அதிகாரம் அத்தனையையும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் மனமுவந்து ஒப்படைத்தார் என்பதையெல்லாம் அந்த முற்றத்தில் நின்றுகொண்டு நினைத்தபோது கண் கலங்கியது.

அதன்பிறகு ஊர்வலம்! மெக்லியோட் கஞ்சிலிருந்து செங்குத்தான மலைச்சாலையில் இறங்கி, கீழ் தரம்சாலாவின் கச்சஹரி பகுதி வரை. முன்வரிசையில் ஒரு பள்ளி மாணவி மெகாபோனைப் பிடித்தாள். "பொ கியாலோ!" என்றாள். திபெத்துக்கு வெற்றி என்று அர்த்தம். பின்னால் வந்த கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னபோது பள்ளத்தாக்கே எதிரொலித்தது. திபெத்திய மொழியில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று முழக்கம் மாறி மாறி வந்தது. என்ன ஒழுங்கு! எதிரே ஆம்புலன்ஸ் வந்தால் நொடியில் வழி பிறக்கிறது. வளைவுகளில் தன்னார்வலர்கள் கைகோத்து நின்று வாகனங்களிலிருந்து ஜனங்களைக் காக்கிறார்கள். ஓர் அமாலா ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் காணாமல்போன பஞ்சன் லாமாவின் படம் என்று இறங்கிக்கொண்டிருந்தார். கெதுன் சோக்கி நியிமா என்ற அந்தச் சிறுவனை, தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் வைத்து மதிக்கப்படும் பஞ்சன் லாமாவாக 1995 மே 14ல் தலாய் லாமா அடையாளம் கண்டு அறிவித்தார். மூன்றே நாளில், ஆறு வயதுக் குழந்தையைக் குடும்பத்தோடு சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அதன்பின் வெளியுலகம் அவரைப் பார்க்கவே இல்லை. அமாலாவின் கையில் இருந்தது அந்தக் குழந்தை முகம்தான். உலகத்திடம் இருக்கும் படமும் அந்தக் குழந்தைப்பருவப் படம்தான். வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் ஏறவில்லை, கடைசிவரை நடந்தே வந்தார்.

கச்சஹரியில் பேசியவர்களும் நேரத்தை வீணாக்கவில்லை. 2009 முதல் திபெத்துக்குள் 150க்கும் மேற்பட்டவர்கள் தீக்குளித்திருக்கிறார்கள் என்று நினைவூட்டினார்கள். ஏறக்குறைய 10 லட்சம் திபெத்தியக் குழந்தைகள் அரசு உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரிக்கப்படுவதாக 2023ல் ஐ.நா. நிபுணர்கள் எச்சரித்ததைச் சொன்னார்கள். தாய்மொழி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழச்சியான எனக்கு உள்ளே என்ன நேர்ந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இத்தனை துயரத்தைச் சொல்லும்போதும் ஒருவர் வாயிலிருந்தும் சீன மக்களைப் பழித்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர்கள் பேசியதெல்லாம் அரசைப் பற்றி, கொள்கையைப் பற்றி, சிறையில் இருப்பவர்களைப் பற்றி. கூட்டம் கலைந்ததும் இளைஞர்கள் சாக்குப் பையோடு வந்து தண்ணீர் பாட்டில், காகிதம் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாலையைத் துடைத்துவைத்ததுபோல் ஆக்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பெண்கள் எழுச்சி நாள் என்பதால் பெண்கள் சங்கத்துக்காரர்கள் அன்று மாலையே அடுத்த வேலையில் இறங்கிவிட்டார்கள்!

இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் ஊரில் இப்படி ஒன்றை நடத்தலாம். பெரிய மண்டபம் வேண்டாம், நூலகத்தில் ஒரு அறை போதும். முதலில் பேச ஒரு திபெத்தியரை அழையுங்கள். கல்லூரிகளில் மாணவர்கள் இருக்கிறார்கள், குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். இந்தியாவில் அவர்கள் பெரும்பாலோர் பதிவுச் சான்றிதழை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டு வாழ்கிறவர்கள். ஆகவே காவல்துறை அனுமதி, அரங்க முன்பதிவு போன்றவற்றில் இந்தியக் குடிமக்களான நாம் நம் பெயரைப் போட்டு முன்னால் நிற்கவேண்டும். கோரிக்கை ஒன்றே ஒன்று இருக்கட்டும். பஞ்சன் லாமா எங்கே என்று கேட்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதலாம். கொடி வரைந்தால் நான்காவது பக்கத்தைத் திறந்தே விடுங்கள்.

தனக்குப் பிறகும் தலாய் லாமா மரபு தொடரும், அடுத்தவரை அடையாளம் காணும் உரிமை தன் அறக்கட்டளைக்கே உண்டு என்று 2025 ஜூலையில் தலாய் லாமா அறிவித்துவிட்டார். தன் ஒப்புதல் இல்லாமல் நடக்காது என்று பெய்ஜிங் சொல்கிறது. வரப்போகும் ஆண்டுகளில் இந்த மக்களுக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் தேவை. லாசாவில் அன்று ஒருவரையொருவர் அறியாதவர்கள்தான் ஒரு வாசலைக் காத்து நின்றார்கள். நாமும் நிற்கலாம். அடுத்த மார்ச் 10க்கு ரயில் டிக்கெட் எடுங்கள், பதான்கோட் வரை. அங்கிருந்து தரம்சாலாவுக்குப் பேருந்து இருக்கிறது. போகமுடியாவிட்டால் உங்கள் ஊரிலேயே பத்துப் பேரைக் கூட்டுங்கள். பொ கியாலோ!