மெல்ல எரியும் மருந்தின் சாட்சி
சென்னையில் 1880இல் வெளியான ஒரு நூலைப் பற்றிய மறுபார்வை

வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர் யார்? இந்தக் கேள்வியைப் பள்ளி மேடையில் கேட்டுப் பாருங்கள். “நம் முன்னோர்கள்தாம்! இராமாயண, பாரத காலத்திலேயே நம்மிடம் பீரங்கி இருந்தது” என்று யாராவது ஒருவர் முழங்காமல் இருக்கமாட்டார். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இந்த முழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர் சிலரே. தேடிச் சென்றால், வழி நம்மைச் சென்னைக்கே கொண்டு வந்து சேர்க்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்தவர் குஸ்தாவ் ஓப்பர்ட். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். அவர் 1880இல் சென்னையில் வெளியிட்ட ஆங்கில நூல், பண்டை இந்துக்களின் ஆயுதங்கள், படையமைப்பு, அரசியல் நெறிகள் ஆகியவற்றைப் பற்றியது. வெடிமருந்தையும் துப்பாக்கியையும் அது சிறப்பாக ஆராய்கிறது. ‘வெடிமருந்து இந்தியாவில் மிகப் பழங்காலந்தொட்டே இருந்தது’ என்பதே அதன் முடிவு. இன்றும் பல கட்டுரைகள் தம் மூலத்தைச் சொல்லாமலே இந்நூலிலிருந்து சான்றுகளை எடுத்தாளுகின்றன. ஆகவே நூற்றாண்டு கடந்த நூலாயினும் அதனை உரைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

நூலின் சிறப்பு

முதலில் அதற்குரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். ஓப்பர்ட் கடின உழைப்பாளி. தென்னிந்தியாவில் தனியார் வீடுகளில் கிடந்த வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தொகுத்தவர். தாம் சான்று காட்டும் செய்யுட்களை மூலமொழியிலேயே அச்சிட்டு, மொழிபெயர்ப்பும் தந்தார். இதனால் அவர் முடிவை ஏற்காதவரும் அவர் சான்றைச் சோதிக்க முடிகிறது. அறிவியல் நேர்மை என்பது இதுதான். இந்தியர் எல்லாவற்றையும் பிறரிடமே கற்றனர் என்று ஐரோப்பியர் பலர் எண்ணிய காலத்தில், அப்படியன்று என எழுத அவர் முன்வந்ததும் குறிப்பிடத்தக்கது.

ஆனால் நல்ல நோக்கம் ஒரு முடிவை உண்மையாக்கிவிடாது.

சுக்கிரநீதியின் செய்முறை

ஓப்பர்ட்டின் முதன்மையான சான்று, சுக்கிராச்சாரியார் பெயரால் வழங்கும் ‘சுக்கிரநீதி’. அதில் ‘நாலிகம்’ என்னும் குழல் ஆயுதமும், அதற்குரிய ‘அக்கினி சூரணம்’ என்னும் தீத்தூளும் கூறப்படுகின்றன. வெடியுப்பு, கந்தகம், எருக்கு கள்ளி முதலியவற்றின் கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது அத்தூள். இது வெடிமருந்துதான், ஐயமில்லை. சுக்கிராச்சாரியார் புராண காலத்தவர் ஆதலின் வெடிமருந்தும் அக்காலத்தது என்று வாதம் செல்கிறது.

இங்கேதான் வேதியியல் நம் உதவிக்கு வருகிறது.

வெடிமருந்து எரிவதற்கு வெளிக்காற்று வேண்டியதில்லை. வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட்டு தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. சூடேறியதும் அதனைக் கரிக்கும் கந்தகத்துக்கும் கொடுக்கிறது. வெடியுப்பு குறைந்தால் ஆக்சிஜன் குறையும். எண்ணெய், மெழுகு, பிசின் போன்றவை கலந்தால் எரிபொருள் மிகுந்துவிடும். இரண்டிலும் விளைவு ஒன்றே: மருந்து சீறும், புகையும், மெல்ல எரியும், குண்டைத் தள்ளும் வேகம் அதற்கு வாராது. வெடியுப்பு தூய்மையற்றதாயினும் இதே கதைதான்.

இந்த ‘மெல்ல எரியும்’ தன்மையை வெறும் குறை என்று தள்ளிவிடாதீர்கள். வரலாற்றறிஞனுக்கு அது விலைமதிப்பற்ற சாட்சி.

சீனாவைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என ஜோசப் நீடாம் கருதிய தாவோ நெறி நூலொன்று ஓர் எச்சரிக்கை தருகிறது. கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கிய சிலருடைய கைகளும் முகமும் வெந்தன, வீடும் எரிந்தது என்கிறது. 1044இல் தொகுக்கப்பட்ட ‘ஊஜிங் ட்சோங்யாவ்’ என்னும் படைநூலில் மூன்று மருந்துக் கலவைகள் உள்ளன. அவற்றில் எண்ணெயும் மெழுகும் பிசினும் பிறவும் கலந்திருக்கின்றன. வெடியுப்பின் பங்கு பிற்கால மருந்தைவிடக் குறைவு. அவை தீ மூட்டவும் புகை எழுப்பவும் உதவியிருக்குமே ஒழிய, குண்டை எய்ய உதவியிரா. 1132இல் தெஅன் நகர முற்றுகையில் மூங்கில் குழாயிலிருந்து தீயை உமிழும் ‘தீ ஈட்டி’ பயன்பட்டது. மஞ்சூரியாவில் 1970இல் கண்டெடுக்கப்பட்ட வெண்கலக் கைப்பீரங்கி, ஏறத்தாழ 1288ஆம் ஆண்டினது. எண்ணிப் பாருங்கள்: 1044இன் கலவையிலிருந்து இந்தப் பீரங்கிக்கு வர ஏறத்தாழ 250 ஆண்டுகள்! மெல்ல எரிந்த மருந்து படிப்படியாகத்தான் விரைந்து எரியும் மருந்தாயிற்று. ஒவ்வொரு படியும் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

இனிச் சுக்கிரநீதிக்கு வாருங்கள். அங்கே வெடியுப்பின் பங்கு மூன்றில் இரண்டுக்கும் மேல். எண்ணெயில்லை, மெழுகில்லை. குழந்தை தவழாமல், நடை பழகாமல், பிறந்தவுடன் ஓடுகிறது! தடுமாறிய படிகள் எவையும் முன்னே காணப்படாமல், முதிர்ந்த செய்முறை மட்டும் திடீரெனத் தோன்றுமாயின், அது வேறிடத்தில் முதிர்ந்தபின் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இன்னும் தெளிவான சான்று ஒன்று அந்நூலிலேயே இருக்கிறது. அது கூறும் சிறு நாலிகம், காதுப்பகுதியில் கல்லையும் மருந்தையும் ஏந்தி, பொறியின் தாக்குதலால் தீயை உண்டாக்குமாம். கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கி விசை 1500ஆம் ஆண்டை ஒட்டித்தான் ஐரோப்பாவில் தோன்றிற்று. இந்த ஒரு வரியே அப்பகுதியின் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. வடமொழி ஆய்வாளர் லல்லன்ஜி கோபால் 1962இல் ஒரு படி மேலே சென்று, நமக்குக் கிடைத்துள்ள சுக்கிரநீதி முழுவதுமே 19ஆம் நூற்றாண்டு நூல் என்று வாதிட்டார்.

ஓப்பர்ட் காணாத நூல்

ஓப்பர்ட்டைக் குறைகூறும்போது ஒன்றை மறக்கலாகாது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அவர் கைக்கு எட்டவில்லை. மைசூரில் ஷாம சாஸ்திரி அதனை 1905இல் வெளிக்கொணர்ந்து, 1909இல் பதிப்பித்தார். அதன் பதின்மூன்றாம் பகுதியில், பகைவர் கோட்டைக்குத் தீ வைக்கும் கலவைகள் பல சொல்லப்படுகின்றன. தேவதாரு, குங்கிலியம், அரக்கு, மெழுகு, கழுதை ஒட்டகம் முதலியவற்றின் சாணம் எனப் பட்டியல் நீள்கிறது. பருந்து, காகம், புறா இவற்றின் வாலில் தீக்கலவையைக் கட்டி அனுப்பும் உத்தியும் உண்டு. ஆனால் அப்பட்டியலில் வெடியுப்பு இல்லை. நெருப்பைப் போர்க்கருவியாக்க இத்தனை வழி தேடியவர், வெடிமருந்தை அறிந்திருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாரா?

பெயரும் ஒரு சான்றாகும். வடமொழியின் ‘யவக்ஷாரம்’ வெடியுப்பே எனச் சிலர் கூறுவர். அது பார்லிப் பயிரைச் சுட்ட சாம்பலிலிருந்து எடுப்பது, பொட்டாசியம் கார்பனேட்டு. அதனைக் கந்தகத்தோடும் கரியோடும் கலந்தால் மெல்லக்கூட வெடிமருந்தாக எரியாது. ஏனெனில் கொடுப்பதற்கு அதனிடம் ஆக்சிஜன் இல்லை. பிற்கால வடமொழி நூல்களில் வெடியுப்பைக் குறிக்கும் ‘சோரகம்’ என்னும் சொல், பாரசீகத்தின் ‘ஷோரா’விலிருந்து வந்தது.

தென்னாட்டுக் கோயில் மண்டபங்களில் துப்பாக்கி ஏந்திய வீரரின் சிற்பங்கள் இருப்பதையும் ஓப்பர்ட் காட்டுகிறார். சிற்பங்கள் உண்மைதான். ஆனால் அத்தகைய மண்டபங்கள் பெரும்பாலும் விசயநகர, நாயக்கர் காலத்தவை. அக்காலத்தில் துப்பாக்கி இங்கே வழங்கியது யாவரும் அறிந்ததே. கோயில் பழையது என்பதால் அதன் ஒவ்வொரு தூணும் பழையதாகிவிடாது.

உண்மையான பெருமை

அப்படியானால் நமக்குப் பெருமையே இல்லையா? ஏன் இல்லை! 1443இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டு எழுதினார். ஒரிசாவை 1497 முதல் 1539 வரை ஆண்ட பிரதாபருத்திரரின் பெயரால் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’யில் வாணவேடிக்கைச் செய்முறைகள் உள்ளன. புனே அறிஞர் பி. கே. கோடே இவற்றையெல்லாம் பொறுமையாகத் தொகுத்து, இந்திய வாணவேடிக்கை வரலாற்றை எழுதியுள்ளார். பீகாரின் வெடியுப்பு 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சு, ஆங்கில வணிகர் வழியே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரைக் கலங்க வைத்தன. பின்னர் அவையே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவின் ராக்கெட்டுகளுக்குத் தூண்டுதலாயின. கையில் பொன் இருக்க, முலாம் பூசிய பித்தளைக்கு ஏன் ஏங்க வேண்டும்?

பொய்ப்பெருமையால் இழப்பு ஒன்றுண்டு. ‘எல்லாம் முன்பே இருந்தது’ என்றால், வெடியுப்பைத் தூய்மை செய்தவனும், இரும்புக்குழாயை வளைத்த மைசூர்க் கொல்லனும் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். உழைத்தவர் பெயர் மறைந்து, புராணப் பெயர் மட்டும் நிற்கும்.

மாணவர்களுக்கு

இத்தகைய உரிமைகோரல் ஒன்றை அடுத்தமுறை கேட்கும்போது மூன்று கேள்விகள் எழுப்புங்கள். சான்றாகும் நூலின் காலம் எது? சொல்லப்படும் பொருள் உண்மையிலேயே அப்பொருள்தானா? முதிர்ச்சிக்கு முந்திய தடுமாற்றத்தின் தடங்கள் எங்கே? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தவுடன் கலவையைச் செய்து பார்க்கும் ஆவல் சிலருக்கு எழலாம். வேண்டாம். உரிமமின்றி வெடிமருந்து செய்வது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்து. 1788இல் பிரான்சின் எஸ்ஸோனில் புதுவகை வெடிமருந்தைச் சோதித்தபோது விபத்து நேர்ந்து இருவர் மாண்டனர். அங்கிருந்தவர்கள் லவாய்சியரும் பெர்த்தோலேவும்! வேதியியலின் தந்தையரே நொடிப்பொழுதில் தப்பிய இடத்தில், வீட்டு முற்றத்தில் உரல் உலக்கையோடு நிற்பவர் எம்மாத்திரம்? மருந்தின் வரலாற்றை நூலகத்தில் தேடுங்கள். அங்கே ஆராய்வதற்கு இன்னும் எத்தனையோ சுவடிகள் காத்திருக்கின்றன.