மூக்கும் உதடும்

மேனாட்டார் மகளிர்க்கென ஆக்கி விற்கும் வாசனைநீர்களுள் கலையின் பெயரால் விலைபோவன சில உண்டு. அவற்றுள் ‘லகுனா’ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஸ்பெயின் தேசத்து ஓவியர் சால்வடார் டாலியின் பெயர் தாங்கி 1991இல் வெளிவந்தது இது. ஓவியரோ 1989 ஜனவரியிலேயே காலமானார்! அவர் பெயர் இதற்கு எங்ஙனம் பொருந்தும் எனின், விடை குப்பியில் இருக்கிறது.

குப்பியின் உடல் தடித்த உதடுகள். மூடி ஒரு மூக்கு. டாலி 1981இல் தீட்டிய அஃப்ரோடைட்டி ஓவியத்தினின்று பிறந்த வடிவம் இது. 1983இல் வந்த அவருடைய முதல் வாசனைநீரும் இவ்வடிவே பூண்டது. அவ்வோவியத்துக்கு மூலம், கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிராக்சிட்டலீஸ் என்னும் கிரேக்கச் சிற்பி வடித்த சிலை. ஆடையணிந்த உருவைக் கோஸ் தீவினர் கொள்ள, ஆடையற்றதைக் கினிடஸ் நகரத்தார் வாங்கினர் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதிவைத்தார். நகரின் கடன் முழுவதையும் தீர்க்கிறேன், சிலையைத் தாருங்கள் என நிக்கோமீடிஸ் அரசன் வேண்டியும் அவர்கள் இசையவில்லையாம். கடன்பட்டும் கலையை விற்காத ஊர்! மூலச்சிலை இன்றில்லை, படிகளே எஞ்சின.

சிலை படமாகி, படம் குப்பியாகி இறங்கிவந்ததில் கண்ணும் நெற்றியும் கழிந்துபோயின. பெண்ணுக்குக் காண்பதும் எண்ணுவதும் வேண்டாமென்பதோ இவ்வழகின் இலக்கணம்? இதனை நாம் ஒப்போம். ஆயினும் ஒரு வேடிக்கையை மறுப்பதற்கில்லை. மணத்தை முகர விரும்புவார் முதலில் மூக்கைக் கழற்றவேண்டும்! டாலிக்கே உரிய குறும்பு அது.

இனி மணம். முதலில் அன்னாசி, பீச் முதலிய கனிகள். பின்னர் மல்லிகையும் ரோஜாவும். இறுதியில் தேங்காய், வனிலா, சந்தனம். பீச் பழத்தைப் பிழிந்து வாசனைத் தைலம் எடுத்தல் இயலாது; அம்மணம் ரசாயனக்கூடத்தில் பிறப்பது. 1919இல் பாரிஸ் நகரத்துக் கெர்லேன் நிறுவனத்தார் ‘மிட்சூக்கோ’வில் அத்தகைய பொருளைச் சேர்த்துப் பெரும்புகழ் பெற்றனர். ஆதலின் செயற்கையென்று இதனை இகழ்வார் கட்சி நமதன்று.

நம் குறை வேறு. லகுனா என்றால் உப்பங்கழி. கடல்நுரையில் பிறந்தவளுக்கு அப்பெயர் தகும். ஆனால் தேங்காயும் அன்னாசியும் கலந்த இத்தித்திப்பு, விடுமுறைக் கடற்கரையை நினைப்பூட்டுகிறதேயன்றிக் கினிடஸை அன்று. பளிங்கின் குளிர்ச்சி எங்கே? செறிந்த மலர்மணமுடைய 1983ஆம் ஆண்டினது இவ்வகையில் மேலானது. குப்பியின் மேல் ஆசைகொண்ட சகோதரிகள் அதனை முதலில் முகர்ந்து பார்ப்பது நலம்.