உலாவும் ஆற்றுப்படையும்

'சஃபாரி' என்ற சொல் விழுப்புரத்துக்கு முதலில் ஒரு உடுப்பாகத்தான் வந்து சேர்ந்தது. எழுபதுகளின் கடைசியில் ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரிகளும் கல்யாண வரவேற்பில் நின்ற மாப்பிள்ளைகளும் அரைக்கையும் நாலு பையுமாக அதை அணிந்திருந்தார்கள். ஸ்வாஹிலியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அரபியின் 'சஃபர்' அதற்கு மூலம். அது வெள்ளைக்கார வேட்டைக்காரன் கையில் துப்பாக்கிப் பயணமாகி, பின் கேமராப் பயணமாகி, கடைசியில் நம் தையற்கடைக்கு வந்தது. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில், 1985இல் திறந்த வண்டலூர்ப் பூங்காவில், கூண்டு வண்டியிலிருந்து சிங்கம் பார்ப்பதும் சஃபாரிதான். தமிழில் அதற்கு 'உலா' என்கிறார்கள். இந்த மொழிபெயர்ப்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

உலா நமக்குப் பழக்கமான இலக்கிய ரூபம். தலைவன் யானைமேலோ தேர்மேலோ வீதியில் வருகிறான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குகிறார்கள். அங்கே வண்டியில் இருப்பவன் பார்க்கப்படுகிறவன். சஃபாரியில் வண்டியில் இருப்பவன் மட்டுமே பார்க்கிறவன். தன்னை எவரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் அவன் இன்பமே இருக்கிறது. இப்படித் தலைகீழானாலும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வண்டியில் ஏறியவன் இறங்குவதில்லை. அந்த அளவில் மொழிபெயர்ப்பு சரியாகவே விழுந்திருக்கிறது.

நான் பார்த்த முதல் சவானா, கூடாரக் கொட்டகை ஒன்றில், தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்த 'ஹடாரி'. ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கி 1962இல் வெளிவந்த படம். மிருகக்காட்சிசாலைகளுக்காக விலங்கு பிடிக்கும் கூட்டம். லாரியின் முன்பக்கத்தில் பொருத்திய இருக்கையில், கழியில் சுருக்குக் கயிற்றோடு ஜான் வெய்ன். காண்டாமிருகத் துரத்தல்களில் நடிகர்களே வண்டியில் இருந்தார்கள், விலங்குகளும் நிஜம் என்பதால் அந்தக் காட்சிகளின் வலு இன்றும் குறையவில்லை. ஆனால் அந்தப் பெருவெளியில் வாழ்கிற மனிதர்கள் யார்? ஆப்பிரிக்கர்கள் ஏவல் செய்பவர்களாகவும் பின்னணியாகவும் வந்து போகிறார்கள். படம் எடுக்கப்பட்ட தங்கனிக்கா 1961 டிசம்பரில் சுதந்திரம் பெற்றது. கொட்டகையில் இருந்த எங்களில் எவருக்கும் அது ஒரு நாடு என்றே தோன்றவில்லை. படம் விட்டுக் கரம்பு வழியாக வீட்டுக்கு நடந்தோம். எங்கோ நரி ஊளையிட்டது. யாரும் நின்று கேட்டதாக நினைவில்லை. மிருகங்கள் ஆப்பிரிக்காவில் இருந்தன.

ஆளற்ற சவானா இயற்கையில் கிடைத்ததல்ல, செய்யப்பட்டது. 1909இல் பதவி முடிந்த கையோடு கிழக்கு ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட், தானும் மகனுமாக 512 விலங்குகளைச் சுட்டதாகத் தாமே கணக்குக் கொடுத்திருக்கிறார். இன்றைய சுற்றுலாக்காரர் தேடிப்போகும் 'பெரிய ஐந்து' - சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை - நடந்துபோய் வேட்டையாட ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல்தான். 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஆனது. 1959இல் அங்கு மாடு மேய்த்த மாசாய் மக்கள் ங்கொரொங்கொரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். அதே 1959இல் பெர்ன்ஹார்ட் கிர்சிமெக்கின் 'செரெங்கெட்டி சாகக் கூடாது' என்ற படம் வந்து உலகத்தின் மனசாட்சியைத் தொட்டது. அதை எடுக்கும்போது அவருடைய மகன் விமான விபத்தில் இறந்தார். அந்த இழப்பையும், அந்த இயக்கம் இல்லாவிட்டால் அத்தனை மந்தைகள் மிஞ்சியிருக்குமா என்ற கேள்வியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்தப் பார்வையில் மேய்ப்பவன் ஊடுருவியவன். விமானத்தில் வந்தவன் காவலன். 2022 ஜூனில் லொலியொண்டோவில் நடந்தது இதன் தொடர்ச்சியே.

இதற்கு எதிர்முனையில் நம்மிடம் ஒரு பயண நூல் இருக்கிறது, அதுவும் இதே மண்ணைப் பற்றி. உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையின் வழி, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழி. அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மரக்காணம் பக்கத்து எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் கள்ளும் சுட்ட மீனும். பிறகு முல்லை நிலத்து வேலூர். அதை உப்புவேலூர் என்று அடையாளம் காண்போர் உண்டு. அங்கே அவரையும் காயாவும் காந்தளும் பூத்த கொல்லை வழியில் தம்பலப்பூச்சி ஊர்கிறது. எயினப் பெண்கள் புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும் தருகிறார்கள். ஆமூர் வந்தால் வெண்சோறும் நண்டும்.

இங்கே நிலம் காட்சியாக வருவதில்லை, சாப்பாடாக வருகிறது. பயணி நடக்கிறான், அவனுக்குப் பசி. அவன் வீட்டு அடுக்களையில் குட்டி போட்ட நாய். குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் கண்ணுக்குக் கூசிக் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறார்கள். பசித்தவன் நிலத்தை ஆளற்றதாகப் பார்க்க முடியாது. அடுப்பு எங்கே புகைகிறது என்று அவன் பார்த்தாக வேண்டும்.

இதை வைத்துச் சங்க காலப் பெருமை பேசுவது என் நோக்கமல்ல. ஆற்றுப்படை புரவலனைப் பாடும் இலக்கியம். அதன் எல்லா வழிகளும் அரண்மனையில் முடிகின்றன. சோறு போட்ட எயினப் பெண்ணுக்கு மீதி இருந்ததா என்று பாணன் கேட்கவில்லை. ஆனால் அவள் யார், என்ன சமைத்தாள் என்பது அவனுக்குத் தெரியும். ஜான் வெய்னுக்குத் தெரியாது.

நமக்குத் தெரியுமா? முல்லை என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த இந்த மேய்ச்சல் வெளி ரெவின்யூ கணக்கில் தரிசு, புறம்போக்கு. ஒரு பக்கம் சவுக்கு, இன்னொரு பக்கம் வேலிகாத்தான். மரம் குறைந்த புல்வெளியைச் சிதைந்த காடு என்று தப்பாகப் படிக்கிறோம், அது தனக்கென்று வரலாறுள்ள நிலம் என்று ஜெயஸ்ரீ ரத்னம் முதலான சூழலியலாளர்கள் 2011 முதல் வாதாடி வருகிறார்கள். கணக்குப்பிள்ளை செய்த தப்பையே புதுக்கவிதையும் செய்தது. வறண்ட நிலம் என்றால் அகத்தின் வெறுமை. ஒற்றைப் பனை என்றால் தனிமை. என் பழைய கவிதைகள் சிலவும் இதில் சேரும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலான சுமார் 40 கிலோமீட்டரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியவை அவை. ஆடும் ஆட்டுக்காரரும் அவற்றில் இல்லை. அதுவும் சஃபாரிதான், டிக்கெட் மட்டும் மலிவு.

போன கோடையில் மயிலத்துக்கு முந்தி ஒரு நிறுத்தத்தில் இறங்கிக் கரம்பில் நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இது என்ன இடம் என்று கேட்டேன். தரிசு என்று அவர் சொல்லவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த வெளியை நாலைந்தாகப் பிரித்துக் கைகாட்டினார்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நாங்கள் நின்ற இடம் நரிமேடு. நரி இன்னும் இருக்கிறதா என்றேன்.

"ராத்திரிக்கு வந்து நின்னு கேளுங்க சார்" என்றார்.